கண்வலிப் பூவைத் தொடப்போகிறவளுக்கு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்தபோது நான் சந்தோஷமாகத்தான் பேசினேன் என்று நினைத்திருப்பாய். நீ சொன்னதற்கெல்லாம் சிரித்தேன். "பாத்து இரு கண்ணு" என்றேன். போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அங்கே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது. அவர் உன்னிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நீ சொன்னது இதுதான். "அம்மா, எங்க கண்வலிக் காட்டுல பூ வெடிச்சிருச்சு. புதங்கெழமை நல்ல நாளாமா. மொதப் பூவுக்கு நாந்தான் மகரந்தம் வெக்கோணுமாமா. மாசமா இருக்கறவ கை பட்டா அந்த வருசம் காய் நல்லாப் புடிக்குமாமா. அத்தை எனக்குப் புதுச் சேலையே எடுத்து வெச்சிருக்காங்க." அதற்குப் பிறகு ஒரு படமும் அனுப்பினாய். சிவப்பும் மஞ்சளும் கலந்த அந்தப் பூவைக் கொடியோடு வளைத்துக் கன்னத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு சிரிக்கிறாய். நீ அழகாக இருக்கிறாய். உனக்கு இது மூன்றாம் மாதம்.

இன்று திங்கட்கிழமை, மதிய இடைவேளை. துணிக்குச் சாயம் போடும் டையிங் கம்பெனி லேபில் என் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். எழுதி முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். "உங்கம்மா பேசறது துணிக்கு மட்டுந்தான் கேக்கும்" என்று உன் அப்பா கேலி செய்வார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். என் அப்பா ரேஷன் அட்டையில் கைநாட்டு வைத்தவர். வேதியியல் வகுப்பில் மூன்று வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கேள்விகூடக் கேட்காமல் பட்டம் வாங்கினேன். விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம். அந்தக் கூச்சத்தை அடக்கம் என்று சொல்லி எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் அதை நம்பினேன். அந்த அடக்கம் ஒருத்தியை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. புதன்கிழமைக்குள் உனக்குச் சொல்லியாக வேண்டும்.

கண்வலிக் கிழங்கு எனக்குப் புதிய செடி இல்லை. உன் தாத்தா அரை ஏக்கரில் அதைத்தான் போட்டிருந்தார். ஆடியில் கிழங்கு நட்டு, கம்பி கட்டிக் கொடியை ஏற்றிவிட்டால், புரட்டாசியில் பூக்கும். அந்தப் பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய் அல்லவா? மகரந்தப் பைகள் எல்லாம் வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். மகரந்தம் போய்ச் சேர வேண்டிய முனையோ ஒரு பக்கமாக மடங்கி விலகி நிற்கும். தானாக ஒன்று சேராது. அதனால்தான் விடிந்ததும் ஆட்கள் போய் ஒரு பூவின் தூளை இன்னொரு பூவின் முனையில் கையால் தொட்டு வைக்கிறார்கள். சின்ன வயதில் நானும் வைத்திருக்கிறேன். மத்தியானம் விரல் நுனியில் தோல் உரியும். அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். அது என்ன செடி, விதையை வாங்கிப் போகிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. "வெசம், வாயில வெக்கக் கூடாது" என்பது மட்டும் தெரியும். அவ்வளவு தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்று கேள்.

உனக்கு இரண்டு வயது. நாங்கள் பெரிய பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். பத்து வீடு, ஒரே வாசல், ஒரு குழாய். உன் அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டில் எஸ்தர் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்தவள், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் நாள் முழுவதும் பேசாததற்கும் சேர்த்து அவள் பேசுவாள். அவள் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் நம் வீட்டுக்கு வரும், நான் பருப்பு கடைந்தால் அவள் வீட்டுக்குப் போகும். நான் வேலைக்குப் போகாத நாட்களிலும் நீ பாதி நேரம் அவள் இடுப்பில்தான் இருப்பாய்.

ஒரு சனிக்கிழமை உன் தாத்தா ஒரு சாக்கு விதைக் கிழங்கோடு வந்து இறங்கினார். பல்லடம் பக்கம் ஒரு சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டியது. அவர் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வார். "கொழந்தை கைக்கு எட்டாம வெச்சுக்கோ சாமி" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். பத்துக்குப் பத்து அறையில் எங்கே வைப்பது? கதவுக்கு வெளியே, சுவரோரம், ஒரு ஸ்டூல் மேல் வைத்தேன். உன் கைக்கு எட்டாது என்று அளந்து பார்த்தேன். அந்த அளவுக்குத்தான் என் புத்தி வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்தர் அக்கா சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேர் என்று, இரண்டாகக் கவைத்த கிழங்கு.

"ஏ பிள்ள, இது என்ன கெழங்கு? எங்க ஊர்ல கண்டதே இல்லையே."

"விதைக் கெழங்குக்கா."

"வெதைக்குன்னா என்ன, திங்கதுக்கு ஆவாதோ? ஊர்ல இருந்து ஒரு சாக்கு வந்து எறங்கிருக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு நாலு குடுக்க மனசு வரல பாரு. கொங்கு நாட்டுக்காரி கெட்டிக்காரிதான் டீ!"

குழாயடியில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் சூடாகிவிட்டது. அது விஷம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த நிமிடம் அதைச் சொன்னால் கொடுக்க மனமில்லாமல் பொய் சொல்கிறேன் என்று நினைப்பார்களே என்று தோன்றியது. கஞ்சப் பிசினாறி சொல்லும் சாக்குப் போலவே இருந்தது அந்த உண்மை. அதோடு, பத்து வீட்டுக் குழந்தைகள் ஓடுகிற வாசலில் விஷத்தை மூட்டையாக வைத்திருக்கிறேன் என்று சொல்லவும் வெட்கம். அதனால் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்தச் சிரிப்பை அவள் "எடுத்துக்கோ" என்று புரிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். நிற்கவே இல்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நேற்று வாங்கின பரோட்டாவாக இருக்கும் என்று ஒருத்தர், கெட்டுப்போன மீனாக இருக்கும் என்று ஒருத்தர். நான் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். அங்கே துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கிழங்குத் தோல் கிடந்தது. வேக வைத்து உரித்த தோல்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது கண்ணு. அந்த இடத்திலேயே, குடம் நிறைவதற்குள், எல்லாம் தெரிந்துவிட்டது. தோலை அள்ளிக் குப்பையில் போட்டேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும், கைநாட்டு வைக்கிற என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பார்கள் என்று பயம். ஒருவேளை பரோட்டாவாகவே இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் வேதியியல் படித்தவள். வாந்திக்கு முன்னால் அத்தனை மணி நேரம் ஒன்றும் ஆகாமல் இருந்ததே, அது சாப்பாடு கெட்டுப்போனது என்பதற்கு ஆதாரம் என்றுகூட நினைத்தேன். இந்த விஷம் அப்படித்தான் மெதுவாகக் காட்டும் என்பது பிறகு தெரிந்துகொண்டது.

மறுநாள் காலையில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். அக்காவின் புருஷனிடம், "என்ன சாப்ட்டாங்கன்னு சரியாச் சொல்லுங்க" என்று கேட்டாள். "ஏதோ கெழங்கு அவிச்சாம்மா, நான் திங்கல" என்றார் அவர். "கிழங்கு அவிச்சுச் சாப்ட்டா இப்படி ஆகாதுங்களே" என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். நான் நான்கு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. அவள் எழுதி முடிக்கட்டும், தனியாக இருக்கட்டும், என்னைப் பார்க்கட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டேன். வகுப்பில் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தது போலவே இருந்தது.

அப்போது எஸ்தர் அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. குரலே வரவில்லை. "பிள்ளைய நல்லாப் பாத்துக்கோ டீ. நேத்து நான் திங்கும்போது ஒரு துண்டு அது வாயில வச்சேன். கசக்குதுன்னு துப்பிட்டுது. துப்புனது நல்லதாப் போச்சு" என்றாள்.

பிறகு நான் ஓடினேன். அந்த டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தேன். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செடியின் பெயரைச் சொன்னேன், விஞ்ஞானப் பெயரைச் சொன்னேன், கல்லூரிப் பாடத்தில் பெயரளவில் படித்திருந்த கால்சிசின் என்ற அதன் விஷத்தைச் சொன்னேன், என் அப்பாவின் ஊரைச் சொன்னேன், நீ ஒரு துண்டை வாயில் வைத்ததைச் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "இது நேத்தே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தவள், வாக்கியத்தை முடிக்காமல் உன்னைத் தூக்கிக்கொண்டு போனாள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து ஒன்றும் கையில் இல்லை. ஆனால் வயிற்றில் இருப்பதை முதலிலேயே வெளியே எடுத்திருக்கலாம், பின்னால் வரப்போவதற்குத் தயாராக இருந்திருக்கலாம். உனக்கு நான்கு நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நான்கு நாளும் உன் ஒவ்வொரு இருமலுக்கும் செத்துப் பிழைத்தேன்.

யோசித்துப் பார் கண்ணு. எஸ்தர் அக்காவுக்காக என் வாய் திறக்கவில்லை. உனக்காகத்தான் திறந்தது. இதுதான் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது.

அக்கா பிழைத்துவிட்டாள். இடையில் ஒரு வாரம் பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகு தலை சீவினால் முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. நான்கைந்து நாளில் தலை முழுவதும் வழுக்கை. இடுப்பு வரைக்கும் முடி இருந்தவள். சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து, "வேளாங்கண்ணிக்கு நேந்துகிட்ட மொட்டைன்னு சொல்லிக்கிடுதேன். மாதா கோவிச்சுக்க மாட்டா" என்று சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. முடி திரும்ப முளைத்தது. இரண்டு வருடம் கழித்து அவர்கள் ஊருக்கே போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நமக்கு அச்சுமுறுக்கு அனுப்புகிறாளே, அவள்தான். போன் செய்தால் முதலில் இதைத்தான் சொல்வாள்: "அன்னைக்கு நீ டாக்டர்கிட்ட ஓடிப்போய்ச் சொல்லலைன்னா நான் இல்லை பிள்ள." ஒரு ராத்திரி முழுவதும் தெரிந்தே சும்மா இருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் நான் அந்தச் செடியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இத்தனை வருடமும் கிடைத்ததை எல்லாம் படித்திருக்கிறேன். கிழங்கு, விதை, இலை, பூ என்று எந்தப் பாகமும் விட்டுவைக்காமல் கால்சிசின் இருக்கிறது. கூடவே அதன் உறவுக்காரர்கள் போல வேறு சில சேர்மங்களும் உண்டு. விதையில் இருக்கும் ஒன்றை எடுத்துத்தான் தசைப்பிடிப்புக்கு மாத்திரை செய்கிறார்கள். கால்சிசினே மூட்டு வீங்கிச் சிவக்கும் வாத நோய்க்குக் கடுகளவு கொடுக்கிற மருந்து. கட்டிகள் மேல், பூஞ்சை மேல், வீக்கத்தின் மேல் என்று இந்தச் செடியின் சாற்றை வைத்து எத்தனையோ பேர் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லது செய்கிற செடி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம் மாநிலத்தின் மலரே அதுதான்.

ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு அதன் பூவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, உள்ளே மெல்லிய நூல்கள் உருவாகி, இருப்பதைச் சரிபாதியாக இரண்டு பக்கமும் இழுக்கும். உன் அப்பா ஓட்டிய நிட்டிங் மெஷினை நீ பார்த்திருக்கிறாய். நூல் வராவிட்டால் ஊசிகள் எத்தனை இருந்தும் துணி இறங்காது. கால்சிசின் அந்த நூலைச் சேரவிடாது. செல் பிரிய முடியாமல் அப்படியே நின்றுவிடும். எங்கே செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அங்கேதான் அதன் வேலை முதலில் தெரியும். குடலில், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில், முடியின் வேரில். அக்காவின் முடி ஏன் கொட்டியது என்று அதைப் படித்த அன்றுதான் புரிந்தது. உன் வயிற்றில் இப்போது என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார். உன் உடம்பிலேயே அதிக வேகமாகப் பிரிந்துகொண்டிருப்பது அந்தக் கருதான்.

தொட்டால் எவ்வளவு உள்ளே போகும் என்று கேட்பாய். தெரியாது. பூந்தூளில் எவ்வளவு இருக்கிறது, விரல் வெடிப்பு வழியாகப் போகுமா, மூச்சில் போகுமா, கையைக் கழுவாமல் சாப்பிட்டால் எவ்வளவு என்றெல்லாம் தேடினேன். நான் தேடிய இடங்களில் எனக்குத் தெளிவாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். அந்த ஊரில் எத்தனையோ பெண்கள் வயிற்றில் பிள்ளையோடு அந்த வேலை செய்து நல்ல பிள்ளைகளைப் பெற்றிருப்பார்கள். ஆனால் பழைய வைத்தியக் குறிப்புகளில் இந்தக் கிழங்கின் பேச்சு வருகிற இடத்தில் கர்ப்பத்தின் பேச்சும் கூடவே வருகிறது. அது நல்ல பேச்சு இல்லை. என் லேபில் ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒரு படம் ஒட்டியிருக்கும், கையுறை போடு, மூக்கை மூடு, கர்ப்பிணி என்றால் தொடாதே என்று. உங்கள் காட்டில் கம்பிமேல் ஏறி நிற்கும் அந்தக் கொடிக்கு யாரும் படம் ஒட்டவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். உன்னைப் பெண் கேட்டு அவர்கள் வந்துபோன பிறகு நானும் உன் அப்பாவும் மூலனூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோமே, அன்றைக்கு முன்னறையில் தார்ப்பாய் விரித்து விதை காயப்போட்டிருந்தார்கள். அதற்கு இரண்டடி தள்ளித்தான் எங்களுக்கு இலை போட்டார்கள். நான் பார்த்தேன். வரும் வழியில் உன் அப்பாவிடம் சொன்னேன். "ஏனுங்க, சாப்புடற எடத்துல அந்த விதை..." என்று ஆரம்பித்தேன். "ஏம்மா, பொண்ணக் குடுக்கற எடத்துல மொத நாளே குத்தம் சொல்லுவியா? நல்ல மனுசங்க. பேசாம வா" என்றார். நல்ல மனிதர்கள்தான். உன் மாமியார் போல ஒருவர் உனக்குக் கிடைத்தது பெரிது. நான் பேசாமல் வந்தேன். எனக்கு அது எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

அதனால் சொல்கிறேன். புதன்கிழமை போகாதே. காய்ச்சல் என்று சொல், தலை சுற்றுகிறது என்று சொல், எது வேண்டுமானாலும் சொல். விதை காய்கிற அறையில் படுக்காதே. மாப்பிள்ளை காட்டுக்குப் போட்டுப்போன சட்டையை உன் சேலையோடு ஊறப்போடாதே. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது உங்கள் வீட்டில் என்ன பயிர் என்று நீயே சொல், அவர் கேட்கக் காத்திருக்காதே.

இவ்வளவு எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அப்போதுதான் நான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லச் சொல்கிறேன். நான் சொல்லப் பயப்படுவதை, கல்யாணமாகி ஒரு வருடம் ஆன பெண்ணை அவள் மாமியாரிடம் சொல்லச் சொல்கிறேன். உனக்காகப் புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிற ஒரு மனுஷியிடம், "உங்க பூ வெசம்" என்று நீ எப்படிச் சொல்வாய்? நீயும் என்னைப் போலச் சிரித்துவிட்டுத்தான் வருவாய். பேனாவை மூடிவிட்டேன்.

ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்ததும் லேபுக்குப் பின்னால், தொட்டிகள் இருக்கும் பக்கம் போய் நின்று உன் மாமியாருக்குப் போன் செய்தேன். மூன்று முறை எண்ணை எடுத்து, மூன்று முறையும் அழைக்காமல் விட்டேன். நான்காவது முறை அழைத்துவிட்டேன்.

"சொல்லுங்க சம்பந்தி! நல்லா இருக்கறீங்களா? புள்ள சித்த கண்ணசந்திருக்குது. எழுப்பட்டுங்களா?"

"வேண்டாமுங்க. உங்ககிட்டத்தான் பேசோணுமுங்க."

"எங்கிட்டீங்களா? அடேயப்பா! கல்யாணம் ஆயி இந்த ஒரு வருசத்துல நீங்களாக் கூப்புட்டது இதுதானுங்க மொதத் தடவ. சம்பந்திக்கு நாக்கு இருக்குதுன்னு இன்னைக்கித்தான் தெரியுது போங்க."

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். புதன்கிழமை உன்னைக் காட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். எஸ்தர் அக்காவைச் சொன்னேன். நான் சும்மா இருந்ததையும், அதையெல்லாம் உனக்கு எழுதிக்கொண்டிருப்பதையும் சொன்னேன். உனக்கு எழுதியதை முதன்முதலாக வாயால் சொன்னது அவரிடம்தான்.  அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது.

"எங்க மாமனாரு காலத்துல இருந்து போடறமுங்க. ஊரே போடுது. யாருக்கு என்னங்க ஆச்சு?" என்றார். குரல் மாறியிருந்தது. "உங்க பொண்ண நான் வெசத்துல தள்ளுவனுங்களா?"

"தள்ள மாட்டீங்க. அவளுக்குப் பெருமை பண்ணத்தான் கூப்படறீங்கன்னு தெரியுமுங்க. ஆனா எனக்குப் பயமா இருக்குதுங்க. தப்பா எடுத்துக்கிட்டாலும் பரவால்லீங்க."

 போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். உன்னை அங்கே என்ன சொல்வார்களோ, உன் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"எனக்கு மொதல்ல ஒண்ணு தங்குச்சுங்க" என்றார். "இவனுக்கு முன்னாடி. அஞ்சாம் மாசத்துல போயிருச்சு. அந்த வருசம் நாந்தான் மொதப் பூவு வெச்சேன். காய் அப்படிப் புடிச்சுது. ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு." பிறகு கேட்டார், "அதுனாலீங்களா?"

கண்ணு, எதற்கெல்லாமோ பயந்தேன். இந்தக் கேள்விக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அவர் மனம் ஆறும், ஆனால் புதன்கிழமை நீ காட்டில் நிற்பாய். ஆமாம் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

"தெரியலீங்க" என்றேன். "பிள்ளை தங்காததுக்கு எத்தனையோ காரணம் இருக்குமுங்க. இதுனாலதான்னு யாராலும் சொல்ல முடியாதுங்க. இதுனால இல்லவே இல்லைன்னும் எனக்குச் சொல்ல வரலீங்க."

அவர் அழவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது. "செரிங்க. புள்ள வரமாட்டா. மொதப் பூவ நானே வெச்சுக்கறேன்" என்றார். நீங்களாவது கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "எனக்கு இனி என்னுங்க" என்றார். பிறகு, "இத அவகிட்டச் சொல்ல எனக்கு வாய் வராதுங்க. நீங்க எழுதறீங்கன்னீங்களே, அதுல இதையும் சேத்து எழுதிப்போடுங்க. நாலு ஊட்டுல படிச்சாலும் செரிதான். எங்க பக்கம் மாசமா இருக்கறவீக இன்னும் ரெண்டு மூணு பேரு இருக்கறாங்க. பேர மட்டும் போட்றாதீங்க" என்றார். அதனால் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பெயரை மாற்றி எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன்; எஸ்தர் என்பதும் அவளுடைய சரியான பெயர் இல்லை.

என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. ஸ்கேனுக்கு நானும் வருகிறேன், லீவு சொல்லிவிட்டேன். குழந்தை பிறந்து அதன் விரல்களை எண்ணிப் பார்க்கும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. ஆனால் இப்போது அந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை. இத்தனை வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்த ஒரு மனுஷியிடம் அதில் பாதியை இறக்கி வைத்துவிட்டேன். நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். சரியாக இருந்தாலும் அவருக்கு வலிக்கும்.

புதன்கிழமை அந்தப் புதுச் சேலையைக் கட்டிக்கொள். அவர் உனக்காக எடுத்தது. விடிந்ததும் அவர் தனியாகத்தான் காட்டுக்குப் போவார். திரும்பி வரும்போது வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திரு. அவர் கையைக் கழுவி முடிக்கட்டும். பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார். நீயாக எதுவும் கேட்காதே. அவர் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கடைசிவரைக்கும் கேள்.

அம்மா